ஒன்று மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்துப் படித்தபோது ஒன்று புரிந்தது. எழுதிய ஊர்கள் வேறு, இயந்திரங்கள் வேறு, முறையீடு மட்டும் ஒன்று: "மற்றதெல்லாம் ஓடுகிறது, இது மட்டும் ஓடவில்லை." ஆகவே இந்த முறை பதில்கள் பெரும்பாலும் அந்த "இது மட்டும்" பற்றித்தான்.

கேள்வி: பேரனைப் பார்த்துக்கொள்ள லண்டன் பக்கம் ஹாரோவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வீட்டில் ஆறு ரேடியேட்டர். ஐந்தும் நல்ல சூடு. நான் படுக்கும் அறையில் இருப்பது மட்டும் ஐஸ் மாதிரி. பாய்லரையே மாற்றிவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை. என்னால் அவர்களுக்கு வீண் செலவோ என்று மனசு உறுத்துகிறது.
— செங்கல்பட்டு வாசகி, இப்போது ஹாரோவில்

பதில்: பாய்லரைத் தொட வேண்டாம் அம்மா. பாய்லர் தண்ணீரைக் காய்ச்சுகிறது, பம்ப் அதைத் தள்ளுகிறது என்பதற்குச் சுடுகிற ஐந்து ரேடியேட்டர்களும் சாட்சி. செங்கல்பட்டில் தெரு முழுக்கக் கரண்ட் இருந்து உங்கள் வீட்டில் மட்டும் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரையா மாற்றச் சொல்வீர்கள்? வீட்டு ஃபியூஸைத்தானே பார்ப்பீர்கள்! இங்கும் அதே கணக்குத்தான். எல்லாம் நின்றுபோனால் ஊற்றைப் பாருங்கள். ஒன்று மட்டும் நின்றால் அதற்குப் போகிற வழியைப் பாருங்கள்.

வழியை மறிப்பவை பெரும்பாலும் நான்குதான்: காற்று, சேறு, சிக்கிய வால்வு, சரியாகாத பங்கீடு. எது என்று கண்டுபிடிக்க உள்ளங்கை போதும். ரேடியேட்டரை மேலிருந்து கீழாக மெல்லத் தொட்டுப் பாருங்கள். மேலே குளிர்ந்து கீழே சுட்டால் காற்று. கீழே நடுப்பகுதி குளிர்ந்து மேலே சுட்டால் சேறு. முழுக்கக் குளிர்ந்தால் முதல் சந்தேகம் வால்வு. லேசான வெதுவெதுப்போடு நின்றுவிட்டால், அதுவும் பாய்லருக்குத் தொலைவான அறை என்றால், பங்கீடு. உங்களுடையது முழுக்க ஐஸ் என்கிறீர்கள். வால்வைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், அதை மாப்பிள்ளையிடம் காட்டுங்கள். மனசு உறுத்த ஒன்றுமில்லை.

கேள்வி: எங்களுடையது மேல்பாதி குளிர், கீழ்பாதி சூடு. காற்று என்று தெரிந்துகொண்டோம். அதை எப்படி வெளியேற்றுவது?
— அச்சிறுபாக்கம் வாசகர், இப்போது குரோய்டனில்

பதில்: கடைகளில் ரேடியேட்டர் சாவி என்று ஒரு சின்னப் பித்தளைச் சாவி கிடைக்கும். முதலில் ஹீட்டிங்கை அணைத்து ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் கை வெந்துபோகும். மேல் ஓரத்தில் சின்னச் சதுர முனையோடு ஒரு வால்வு இருக்கும். கீழே ஒரு கிண்ணம், கையில் ஒரு பழந்துணி. சாவியைக் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். "உஸ்ஸ்" என்று காற்று போகும். சத்தம் நின்று தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். பக்கத்தில் தீக்குச்சி, மெழுகுவத்தி வேண்டாம். உள்ளே இரும்பு அரிக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜனும் அந்தக் காற்றில் கலந்திருக்கலாம், அது எரியும்.

பலர் மறப்பது இதற்கு அடுத்த வேலை. காற்று போன இடத்தைத் தண்ணீர் நிரப்பியதும் பாய்லரின் அழுத்தம் குறையும். முள்ளைப் பாருங்கள். தண்ணீர் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் நிரப்புக் குழாயை மெல்லத் திறந்து ஏற்றிவிட்டு மூடுங்கள். பரணில் தனித் தொட்டி வைத்த பழைய வீடுகளில் தண்ணீர் தானாகவே வந்து நிரம்பிக்கொள்ளும்.

ஒருமுறை காற்றை எடுத்தால் பல மாதம் தாங்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது உள்ளே இரும்பு அரிக்கிறது. அப்போது ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அப்படித் திறந்தபோது மை மாதிரி கறுப்புத் தண்ணீர் வந்தது. துரு என்றால் செம்மண் நிறம்தானே?
— அதே வாசகரின் மகன்

பதில்: நல்ல கண் தம்பி! தாராளமாகக் காற்றுப் படும் இடத்தில் இரும்பு செந்துரு பிடிக்கும். மூடிய குழாய்க்குள் ஆக்சிஜன் குறைவு. அங்கே உண்டாவது மேக்னடைட் என்ற கறுப்புத் துரு. பெயரிலேயே காந்தம் இருக்கிறது. அந்தத் தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்துப் பக்கத்தில் ஒரு காந்தத்தைக் கொண்டுபோ, கறுப்பு நகர்ந்து வரும்.

எடை அதிகம் என்பதால் அது ரேடியேட்டரின் அடியில் படிந்து சேறாகிறது. கீழ்நடு குளிர்வது அதனால்தான். காற்றை எடுத்தால் இது தீராது. ரேடியேட்டரைக் கழற்றித் தோட்டத்தில் வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும், அல்லது முழுக் குழாய்த்தொகுதியையும் அலச வேண்டும். பிறகு அரிப்பைத் தடுக்கும் மருந்து ஊற்றி, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்று போட்டுவிட்டால் பல வருடம் கவலையில்லை.

கேள்வி: முழுக்கக் குளிர்ந்த ரேடியேட்டருக்கு வால்வுதான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— சிங்கப்பெருமாள் கோவில் வாசகர், இப்போது லண்டன் ஈஸ்ட் ஹாமில்

பதில்: ஹாரோ அம்மாவும் இதைப் படிக்கட்டும். ரேடியேட்டரின் ஒரு பக்கம் 1 முதல் 5 வரை எண் போட்ட திருகு இருக்கும். சில வீடுகளில் யாரோ அதைப் பனிக்குறிக்குத் திருப்பி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான் கோளாறு. 5-இல் வைத்து அரை மணி நேரம் பாருங்கள். சூடு ஏறவில்லையென்றால் அந்தத் தலையைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். உள்ளே ஓர் ஊசிமுனை நீட்டிக்கொண்டிருக்கும். தட்டையான எதையாவது வைத்து அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் மேலே வர வேண்டும். அழுந்தியபடியே நின்றால் அதுதான் ஆசாமி. சில மில்லிமீட்டர்தான் அதன் ஓட்டம், அந்த அளவுக்குள் தண்ணீரின் வழி மூடிவிடுகிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வால்வின் பக்கவாட்டில் மெல்லத் தட்டி, அழுத்தி அழுத்தி விடுங்கள். பிளேயரால் பிடுங்க வேண்டாம். ஊசி கையோடு வந்துவிட்டால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்.

கோடைக்காலம் முழுக்க மூடிக் கிடப்பதால்தான் அது ஒட்டிக்கொள்கிறது. அடுத்த கோடையில் 5-இல் திறந்தே வைத்துவிடுங்கள். மறுமுனையில் மூடிபோட்ட இன்னொரு வால்வு உண்டு. அதுவும் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயின்ட் அடிக்க வந்தவர் மூடிவிட்டுப் போயிருக்கலாம்.

கேள்வி: வாடகை வீடு. ரேடியேட்டர் கெட்டால் செலவு யாருடையது?
— செங்கல்பட்டு வாசகர், இப்போது லண்டனில்

பதில்: வீட்டுக்காரருடையது. இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 11-ஆம் பிரிவு, அறைகளைச் சூடேற்றும் சாதனங்களையும் வெந்நீர்ச் சாதனங்களையும் பழுதுபார்த்து வைக்கும் பொறுப்பை வீட்டுக்காரர் மேல் வைக்கிறது. எழுத்தில் தெரிவியுங்கள், தேதியோடு. காற்றை எடுப்பது, திருகைப் பார்ப்பது உங்கள் கைக்குள் உள்ளவை. கேஸ் பாய்லரின் உள்ளே கை வைப்பது 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவரின் வேலை மட்டுமே.

கேள்வி: ரேடியேட்டர் மேல் துணி காயப் போடலாமா?
— திருப்போரூர் வாசகி, இப்போது பர்மிங்காமில்

பதில்: துணி காயும், அறை குளிரும். சூடு உங்களுக்கு வராமல் துணிக்குப் போகும், துணியின் ஈரம் சுவரில் பூசணமாகும். ரேடியேட்டருக்கு முன்னால் சோபாவை ஒட்டிப் போடுவதும், அதை மூடித் திரைச்சீலை தொங்கவிடுவதும் இதே மாதிரிதான். அதற்கும் மூச்சுவிட இடம் கொடுங்கள்.

கேள்வி: கனடாவில் ஸ்கார்பரோவில் மகன் வீட்டில் ரேடியேட்டரே காணோம், தரையில் சல்லடைதான். ஒரு அறை மட்டும் குளிர்கிறது.
— பாலூர் வாசகி

பதில்: அங்கே பெரும்பாலான வீடுகளில் தண்ணீருக்குப் பதில் சூடான காற்றே குழாயில் வருகிறது. ஊர் மாறினாலும் நியாயம் மாறவில்லை. சல்லடையின் மேல் கம்பளமோ கட்டிலோ இருக்கிறதா? அதன் இதழ்கள் மூடியிருக்கின்றனவா? அடித்தளத்தில் அந்த அறைக்குப் பிரியும் குழாயின் தடுப்புத் தகடு குறுக்கே நிற்கிறதா? காற்றைச் சூடேற்றும் ஃபர்னஸின் வடிகட்டி தூசி அடைத்து, காற்றின் வேகமே குறைந்திருக்கிறதா? அந்த வடிகட்டி அடைந்தால் முதலில் குளிர்வது கடைசி அறைதான்.

கேள்வி: நம் ஊர் விஷயத்துக்கு வாருங்கள். மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர். ஒரு பாத்ரூமில் வெந்நீர் கொட்டுகிறது, இன்னொன்றில் சொட்டுகிறது. மார்கழிக் காலையில் சண்டை வருகிறது.
— திருக்கழுக்குன்றம் வாசகி

பதில்: ஒன்றில் கொட்டுகிறதே, ஆகவே சோலாருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடுங்கள். பிளம்பர்கள் "ஏர் அடைச்சிருக்கு" என்பார்களே, அதுதான் இது. குரோய்டன் ரேடியேட்டரில் காற்று மேலே தங்குகிறது. உங்கள் வீட்டில் ஜன்னலைத் தாண்டவோ பீமைத் தாண்டவோ வெந்நீர்க் குழாயை மேலே ஏற்றி இறக்கியிருப்பார்கள், அந்த மேட்டில் தங்குகிறது. டேங்க்கிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் குறைவு, காற்றுக் குமிழைத் தள்ள வலு போதாது.

மிக்ஸர் குழாய் இருந்தால் வழி உண்டு. சோலாருக்குத் தண்ணீர் தரும் தொட்டி சோலாரைவிட உயரத்தில் இருக்கும். அதனால் பச்சைத் தண்ணீருக்கு வலு கொஞ்சம் அதிகம். மிக்ஸரின் வாயைத் தடித்த துணியால் இறுக்கிப் பொத்திக்கொண்டு, முதலில் பச்சைத் தண்ணீரையும் பிறகு வெந்நீரையும் திறங்கள். பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் பின்னோக்கி ஏறிக் காற்றை மேலே தள்ளும். பத்துப் பதினைந்து நொடி, இரண்டு மூன்று தடவை. துணியை எடுக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், சோலார் தண்ணீர் தோலை உரிக்கும் சூட்டில் வரலாம். அடிக்கடி அடைத்தால் அந்த மேட்டில் ஏர் வென்ட் வைக்கச் சொல்லுங்கள்.

இதற்கும் மசியவில்லையென்றால் உப்பு. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். போர் தண்ணீரின் சுண்ணாம்பு உப்போ சூட்டில் பிரிந்து படியும். அதனால்தான் பச்சைத் தண்ணீர்க் குழாய் தப்பிக்கிறது, வெந்நீர்க் குழாய் அடைகிறது. மிக்ஸரின் வாய்ச்சல்லடையைக் கழற்றி வினிகரில் ஊறவையுங்கள். குழாய்க்குள்ளேயே படிந்திருந்தால் பிளம்பர்தான். குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை. உங்கள் போர் தண்ணீரை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் தலைகீழ். மூன்று பாத்ரூமிலும் வெதுவெதுப்புத்தான். நல்ல வெயில், சோலாரின் மேல் குழாய் கொதிக்கிறது. "எல்லாம் நின்றால் ஊற்றைப் பார்" என்ற உங்கள் விதி பொய்க்கிறதே?
— மறைமலைநகர் வாசகர்

பதில்: ஊற்றைப் பார்த்துவிட்டீர்கள், அது கொதிக்கிறது. விதி உங்களை அடுத்த படிக்கு அனுப்புகிறது: ஊற்றுக்கும் குழாய்க்கும் நடுவில் யாரோ கலக்கிறார்கள். எங்கோ ஒரு கைஷவரை அதன் பிடியில் மட்டும் மூடிவிட்டு, மிக்ஸரின் இரண்டு திருகுகளையும் திறந்தபடி விட்டிருப்பார்கள். வெளியே ஒரு சொட்டும் விழாது. உள்ளே பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் கடந்து போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு பாத்ரூமாக வெந்நீரின் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு மற்றவற்றில் பாருங்கள். எதை மூடியதும் சூடு திரும்புகிறதோ அங்கேதான் கலப்படம். மிக்ஸரின் திருகை மூடும் பழக்கம் போதும், செலவில்லை. மூடியும் கலந்தால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது.

கேள்வி: சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறேன். கடைசி அறைக்கு வெந்நீர் வர வெகுநேரம் ஆகிறது. விருந்தினர்கள் கோபிக்கிறார்கள்.
— மாமல்லபுரம் வாசகர்

பதில்: கோளாறு இல்லை, தூரம். முக்கால் அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். 30 மீட்டர் என்றால் ஏழெட்டு லிட்டர். இரவெல்லாம் ஆறிப்போன அந்தத் தண்ணீர் வெளியேறிய பிறகுதான் வெந்நீர் வரும். குழாய்க்கு நுரைக்குழல் உறை போடுங்கள். வசதி இருந்தால் கடைசி அறையிலிருந்து டேங்க்குக்கு ஒரு திரும்புகுழாயும் சின்ன பம்ப்பும் வையுங்கள், வெந்நீர் சுற்றிக்கொண்டே இருக்கும். அதுவரை அந்த அறையில் ஒரு வாளியும், முதல் தண்ணீரைப் பிடித்துவைக்கச் சொல்லி ஒரு சிறு அட்டையும் வையுங்கள். சற்று வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்க நாளுக்கு 10 கோடி லிட்டர் ஆலை 2013-இலும், 15 கோடி லிட்டர் ஆலை 2024-இலும் திறக்க வேண்டிவந்த கரை இது. இங்கே ஏழு லிட்டர் நல்ல தண்ணீரைச் சாக்கடையில் விடுவது எனக்கு வலிக்கிறது.

கேள்வி: மூன்று ஏ.சி. கடலைப் பார்த்த அறையில் இருப்பது மட்டும் குளிராது. வருடா வருடம் கேஸ் நிரப்புகிறோம்.
— கோவளம் வாசகி

பதில்: அந்தக் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை அம்மா. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் கசிந்தது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது. நைட்ரஜனை ஏற்றி, சோப்பு நுரை வைத்துக் கசிவைத் தேடும் மெக்கானிக்கைப் பிடியுங்கள்.

ஏன் அது மட்டும்? அதன் அவுட்டோர் யூனிட் கடல் காற்றுக்கு மார்பைக் காட்டி நிற்கிறது. செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். தகடு பொடிந்துபோனால் சூட்டை வெளியே விட வழியில்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லையே உப்பு அரிக்கிறது. ஈரக் காகிதக் கூழை அப்பி உப்பை உறிஞ்சி எடுத்துத்தான் தொல்லியல் துறையினர் அதைக் காக்கிறார்கள். தகரத் தடிமன்கூட இல்லாத தகடு என்ன செய்யும்?

மின்சாரத்தை அணைத்துவிட்டு மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள், ஆசிட் வேண்டாம். யூனிட்டைக் கட்டடத்தின் மறுபக்கம், காற்று நேரே படாத இடத்துக்கு மாற்ற முடிந்தால் அதுவே பாதி வைத்தியம். புதிதாக வாங்கும்போது தகட்டுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ரேடியேட்டர் என்றால் எனக்கு வேன்தான் தெரியும். மேலே கொதிக்கிறது, கீழே குழாய் சில்லென்று இருக்கிறது, முள் சிவப்புக்குப் போகிறது.
— கூவத்தூர் வாசகர், வேன் ஓட்டுநர்

பதில்: ஓரமாக நிறுத்துங்கள். தண்ணீர் சுற்றவில்லை. ஒன்று தெர்மோஸ்டாட் வால்வு திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டரின் மெல்லிய குழல்கள் அடைந்திருக்கின்றன, அல்லது தண்ணீர் பம்ப் ஓடவில்லை. மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடங்கி நிற்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகச் சீறும். உங்கள் கண்களை நம்பித்தான் வேனில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறிய பிறகு பாருங்கள். போர் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுங்கள். சோலாரை அடைத்த அதே உப்பு இங்கும் அடைக்கும்.

கேள்வி: கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் ரேடியேட்டர் உண்டா?
— சதுரங்கப்பட்டினம் பள்ளி மாணவி

பதில்: உண்டு, பெயர் கண்டென்சர். 1984 முதல் மின்சாரம் தரும் அந்த நிலையத்தில், டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிர்வித்து மறுபடி தண்ணீராக்குவது கடல்நீர். அது கடலடியில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாக வருகிறது. அங்கும் அடைப்புத் தொல்லை இருக்கிறது கண்ணு! பச்சை மட்டிகள் சுரங்கச் சுவரில் ஒட்டிக் குடும்பம் நடத்தும். அவற்றைத் தடுக்கத் தண்ணீரில் குளோரின் சேர்க்கிறார்கள். உன் ஊர்க் கடலின் மட்டியைப் படிப்பதும் பொறியியல்தான், நினைவில் வைத்துக்கொள்.

கேள்வி: மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் எனக்குக் கடைமடை நிலம். ஆயுசெல்லாம் தண்ணீருக்குக் காத்திருந்தேன். இப்போது மான்செஸ்டரில் மகன் வீட்டில் எனக்குக் கடைசி அறை. ரேடியேட்டர் வெதுவெதுப்பைத் தாண்டுவதில்லை. குளிர்கிறது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
— ஒரு விவசாயி

பதில்: ஐயா, உங்கள் ரேடியேட்டரின் நோயை உங்களைவிட நன்றாக அறிந்தவர் அந்த ஊரில் யாரும் இருக்க முடியாது. தலைமடை அகலத் திறந்திருந்தால் கடைமடைக்கு என்ன வரும்? சுலபமான வழியில்தான் தண்ணீர் போகும். பாய்லருக்குப் பக்கத்து ரேடியேட்டர்கள் வாரிக் குடிக்கின்றன, உங்கள் அறைக்கு மிச்சம் வருகிறது.

நம் ஊரில் இதற்கு நீர்க்கட்டி இருப்பார். எந்த மடையை எவ்வளவு திறப்பது என்று அவர் கைக்குத் தெரியும். அந்தப் பொறுப்பு நம் மண்ணில் மிகப் பழையது. பக்கத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்றே ஒரு குழுவைச் சொல்கின்றன.

மகன் வீட்டில் நீர்க்கட்டி வேலையை நீங்களே சொல்லிக்கொடுங்கள். ஹீட்டிங்கை அணைத்து எல்லாம் ஆறட்டும். பிறகு போட்டு, எந்த ரேடியேட்டர் முதலில் சூடாகிறது, எது கடைசி என்று வரிசையாக எழுதுங்கள். எண் இல்லாத பக்கத்தில் மூடிபோட்ட வால்வு இருக்குமே, அதுதான் மடை. உங்கள் அறையின் மடையை முழுக்கத் திறங்கள். முதலில் சூடாகும் ரேடியேட்டரின் மடையைக் கொஞ்சம் குறையுங்கள், கால் சுற்று கால் சுற்றாக. எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள், தவறினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் போதிய நேரம் கொடுத்துப் பாருங்கள். அவசரப்படாத கைக்குத்தான் இந்த வேலை வரும்.

கூச்சத்தை விடுங்கள். வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வழிகாட்டியிருக்கிறது. வயதானவர்களுக்கு அதைவிடக் கூடுதல் சூடே தேவைப்படலாம். குளிரைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் கேடு. இன்று சாயங்காலம் மகன் வேலையிலிருந்து வந்ததும் சொல்லுங்கள்: "தம்பி, என் மடைக்கு இன்னும் தண்ணீர் வந்து சேரல." அவருக்கு உடனே புரியும். அந்தக் கடைமடையில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைதானே.